பழைய அம்பாசடரை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது: நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நெல்லைச் சீமையில் பழைய அரிசி ஆலை, வாழைத்தார் கமிஷன் கடை, டாக்டர் வீடு என்று தேடினால் ஏதாவது ஒரு கொட்டகைக்குள் இன்னமும் ஒரு அம்பாசடர் நிற்கும். தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது. விற்க மனசு வராது. ஓட்டலாம் என்றால் பார்த்துக்கொடுக்க ஆள் இல்லை, பழைய மெக்கானிக்குகள் பலர் தொழிலை விட்டுவிட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு வண்டி இருந்தால், அதன் வேலைகளில் பெரும்பகுதியை நீங்களே செய்ய முடியும். கம்ப்யூட்டர் இல்லாத வண்டி அது. கண்ணும் காதும் கையும் போதும், பொறுமை மட்டும் கூடவே வேண்டும்.

வேலையின் வரிசை முக்கியம். எல்லோரும் முதலில் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள். நான் சொல்வது நேர்மாறு: முதலில் வண்டி நிற்க வேண்டும், அப்புறம்தான் ஓட வேண்டும். பிரேக்கை முடிக்காமல் இன்ஜினில் கை வைக்காதீர்கள்.

எந்த இன்ஜின் என்று பாருங்கள்

அம்பாசடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வாரிசு. வங்காளத்தில் உத்தரபாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை செய்தார்கள். இடையில் எத்தனையோ மாற்றங்கள். நான் இங்கே பேசுவது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் வண்டியைப் பற்றி. மார்க் 2, மார்க் 3, மார்க் 4 வண்டிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். நம் பக்கம் நிறைய வண்டிகளில் டாக்சிக்காக டீசல் இன்ஜினை மாற்றி வைத்திருப்பார்கள். உங்களுடையது அப்படி என்றால் பிரேக், முன் சக்கரம், துரு பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும், மற்றவை பொருந்தாது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண்ணும் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்பதையும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடமும் கருவியும்

சமமான சிமெண்ட் தரை வேண்டும். செம்மண் தரையிலும் மணலிலும் ஜாக்கி சாயும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். அடியில் போய்ப் படுக்க ஆக்சில் ஸ்டாண்டு கட்டாயம். செங்கல், ஹாலோ பிளாக் மேல் வண்டியை வைக்கவே கூடாது. அவை விரிசல் விட்டுக் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கிவிடும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, வண்டியைத் தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்து, ஆடவில்லை என்றால் மட்டும் உள்ளே போங்கள்.

இந்த வண்டியின் போல்ட்டுகள் பெரும்பாலும் இன்ச் அளவு. பைக்குக்கு வாங்கிய மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்துத் திருகினால் நட்டின் மூலை மழுங்கும், அப்புறம் உளிதான் எடுக்க வேண்டியிருக்கும். 7/16, 1/2, 9/16 ரிங் ஸ்பானர்கள் அதிகம் தேவைப்படும். கூடவே ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகள்), 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், கிரீஸ் கன், பிளக் ஸ்பானர், ஒரு சின்ன தீயணைப்பான். எதைக் கழற்றினாலும் முதலில் கைபேசியில் படம் எடுங்கள். பேட்டரியில் எர்த் கம்பியை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கக்கூடும், நெகட்டிவ்தான் எர்த் என்று நினைத்துக்கொண்டு கை வைக்காதீர்கள்.

பிரேக்

நான்கு சக்கரத்திலும் டிரம். ஒவ்வொரு டிரம்மாகக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், கம்ப்ரஸர் காற்றும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது நுரையீரலுக்கு எமன். தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டித் தூக்கிப் போடுங்கள்.

சக்கரத்துக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் லேசாகப் புரட்டிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் பக்கெட், அதாவது ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் கிண்ணம், போய்விட்டது. நான்கு சக்கரத்துக்கும், மிதிக்கும்போது ஆயிலை அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே தடவையில் பக்கெட் கிட் மாற்றிவிடுவது நல்லது. ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த பலவீனமான இடத்தில் கசியும். சிலிண்டரின் உள்சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். நகத்தில் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் தேய்த்துச் சரிபண்ண நினைக்காமல் புதுசு போடுங்கள். ரப்பர் பாகங்களைப் பெட்ரோலிலோ ஆயிலிலோ கழுவவே கூடாது, ஊதிப்போகும். பிரேக் ஆயிலில்தான் கழுவ வேண்டும்.

ஓட்டும்போது ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே வருகிறதா? டிரம்மைக் குறை சொல்வதற்கு முன் அந்தச் சக்கரத்தின் ஏர் நிப்பிளை (பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியே விடும் சின்னத் திருகை) கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். சொட்டு ஆயில் பீய்ச்சி சக்கரம் உடனே விடுபட்டால் கோளாறு ரப்பர் ஹோஸில். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதிக்கும்போது ஆயில் போகும், விடும்போது திரும்பாது. வயது தெரியாத ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுவது என் வழக்கம்.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் பக்கம் இருப்பதால் தூரத்திலிருந்து தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் உள்ள பிரேக் ஆயிலுக்குள் முக்குங்கள். உள்ளே இருப்பவர் மெதுவாக மிதித்துப் பிடித்துக்கொள்ள, நீங்கள் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். குமிழி நிற்கும் வரை இதையே செய்யுங்கள். நடுவில் மாஸ்டர் சிலிண்டர் காலியானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அட்ஜஸ்டரைச் சக்கரம் பிடிக்கும் வரை இறுக்கி, தாராளமாகச் சுற்றும் வரை கிளிக் கிளிக்காகத் தளர்த்தி விடுங்கள்.

வருஷக்கணக்கில் நின்ற இன்ஜினை எழுப்புவது

செல்ஃபை அடித்துவிடாதீர்கள். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரில் துருவோடு ஒட்டியிருக்கலாம்; வலுவாகச் சுற்றினால் ரிங் உடையும்.

நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் வண்டியை நியூட்ரலில் போட்டு, முன்னால் ஹேண்டில் மாட்டிக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் அதிர்ஷ்டம். சுற்றவில்லை என்றால் மறுபடி ஆயில் விட்டுக் காத்திருங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். சுற்ற ஆரம்பித்ததும் பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ 40 அல்லது 20டபிள்யூ 50 மினரல் ஆயில் நிரப்புங்கள். புதுக் கார்களுக்கு விற்கிற மெல்லிய சிந்தெடிக் ஆயில் இந்த இன்ஜினுக்கு வேண்டாம். பிளக் இல்லாமலே செல்ஃபைச் சுற்றவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்பிய பிறகு பிளக்கை மாட்டுங்கள்.

டாங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை முழுக்க இறக்க வேண்டும். வார்னிஷ் வாடை அடித்தால் டாங்கையே கழற்றிக் கழுவுவதுதான் வழி.

இன்ஜின் ஓடி சூடான பிறகு கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எழும் அழுத்தம், பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. இது தெரியாமல் இன்ஜினை இறக்கச் சொல்பவர்களிடம் இறக்கக் கொடுக்காதீர்கள்.

கரண்ட் பக்கம்

வண்டி இழுக்கவில்லை, மிஸ் அடிக்கிறது என்றால் எல்லோரும் கார்புரேட்டரைத்தான் கழற்றுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர். மூடியை எடுத்து உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மயிரிழை போல் கறுப்புக் கோடு தெரிந்தால் அதில் விரிசல், கரண்ட் அந்த வழியாக ஓடுகிறது. மூடியை மாற்றுங்கள்.

அடுத்து, அதற்குள்ளேயே கரண்டைத் தொட்டுத் தொட்டு விடும் பாயிண்ட். இரண்டு முகத்தையும் பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் சின்னப் பள்ளம், எதிர்ப்பக்கம் அதே அளவுக்கு மேடு என்று இருந்தால், பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கன்டன்சர் போய்க்கொண்டிருக்கிறது. பாயிண்டை மட்டும் மாற்றினால் அதுவும் சீக்கிரம் அதேபோல் ஆகும். லேசாகக் கறுத்திருந்தால் மெல்லிய எமரித் தாளால் ஒரு இழுப்பு, அப்புறம் பெட்ரோல் நனைத்த துணியால் துடைப்பு, அவ்வளவுதான். ஹேண்டிலைச் சுற்றி, பாயிண்டின் குதிகால் கேமின் உச்சிக்கு வரும்போது இடைவெளி 15 தவ் (ஒரு தவ் என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர் வைக்க வேண்டும். பிளக்குக்கு 25 தவ். ஃபீலர் பிளேடு சிக்காமல், ஆனால் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும்; அந்த உரசல் இரண்டு மூன்று தடவையில் கைக்குப் பழகிவிடும்.

வயர் மாட்டும் வரிசை 1, 3, 4, 2. ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். ரோட்டர் சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், அதனால் மூடியிலும் அந்தத் திசையிலேயே மாட்டுங்கள். பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் (பிளக்கில் பொறி விழும் நேரம்) மாறும், ஆகவே முதலில் பாயிண்ட், பிறகுதான் டைமிங். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பாயிண்ட் வயரிலும் மறுமுனையை எர்த்திலும் கொடுத்து, சாவியைப் போட்டு, டைமிங் குறியீட்டுக்கு இன்ஜினைக் கையால் கொண்டுவந்து, விளக்கு எரியத் தொடங்கும் அந்த இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்குங்கள்.

டப்பெட்

டக் டக் என்று மேலே சத்தம் வந்தால் டப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவில் உள்ள இடைவெளி, கூடியிருக்கிறது. சத்தமே இல்லாமல் இருப்பது அதைவிட மோசம்: இடைவெளி இல்லாத வால்வு முழுக்க மூடாமல் எரிந்துபோகும். இந்த இன்ஜினுக்கு 15 தவ். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே வையுங்கள். எட்டு வால்வுக்கும் ஒரு சுலபக் கணக்கு உண்டு, கூட்டினால் 9 வர வேண்டும். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணி, எட்டாவது வால்வு முழுக்கத் திறந்து அழுந்தியிருக்கும்போது ஒன்றாவதை அளங்கள். ஏழு திறந்திருக்கும்போது இரண்டு, ஆறு என்றால் மூன்று, இப்படியே. கடைசியில் மூடியின் கார்க் பேக்கிங் நைந்திருந்தால் மாற்றிவிடுங்கள், ஆயில் கசிவில் பாதி அங்கேதான்.

இந்தியா முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றுபோனது. பழைய ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கைக்கு அந்த ஈயம்தான் பாதுகாப்பாக இருந்தது. டப்பெட் இடைவெளி வைக்க வைக்கத் தானாகக் குறைந்துகொண்டே வந்தால் வால்வு இருக்கைக்குள் இறங்குகிறது என்று பொருள். ஹெட்டைக் கழற்றும் சமயத்தில் லேத்தில் கொடுத்துக் கடினமான இருக்கை வளையம் பதித்துக்கொள்ளுங்கள்.

கார்புரேட்டரும் இந்தக் காலத்துப் பெட்ரோலும்

இந்த வண்டிகளில் பெரும்பாலும் எஸ்யு கார்புரேட்டர். மேலே உள்ள பித்தளை மூடியைத் திருகி எடுத்து, உள்ளே மெல்லிய ஆயில் இருக்கிறதா பாருங்கள். காலி என்றால் வேகம் கொடுக்கும்போது வண்டி திக்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டருக்குள் உள்ள பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். 'டொக்' என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். சத்தமில்லாமல் தயங்கி இறங்கினால் ஊசி நடுவில் இல்லை அல்லது உள்ளே அழுக்கு.

கலவை பார்க்க, சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் அடங்கப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியில் உள்ள ஜெட் நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், இறக்கினால் கூடும். ஒரு தடவைக்கு நட்டின் ஒரு பட்டை அளவுதான் திருப்ப வேண்டும்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்காகச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களை அது இளக்கிவிடும், ஈரத்தையும் இழுத்து டாங்குக்குள் துருப்பிடிக்க வைக்கும். குழாய், பம்ப் டயஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் சரக்காக மாற்றுங்கள். வண்டியை இரண்டு மாதத்துக்கு மேல் நிறுத்துவதென்றால் டாங்கைக் காலி செய்துவிடுவதே நல்லது.

சித்திரை வெயிலில் மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும்போது வண்டி திக்கி நின்றால் பயப்பட வேண்டாம், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கும். பானெட்டைத் திறந்து வைத்து, ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றிக் காத்திருந்தால் சரியாகிவிடும்.

தண்ணீர்

ராதாபுரம், திசையன்விளை பக்கத்து போர் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் சில வருஷத்தில் குழாய் முழுக்க உப்பு படிந்து அடைத்துவிடும். தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களும்கூட டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் கலந்து ஊற்றுவதே மேல். கழுவும்போது ரேடியேட்டரை மட்டும் இறக்காமல் பிளாக்கில் உள்ள டிரெயினையும் திறங்கள். அது சேறு கட்டி அடைத்திருந்தால் கம்பியால் குத்தி விடுங்கள். பின் சிலிண்டரைச் சுற்றி அடியில் தேங்கும் துருச்சேறு அந்த வழியாகத்தான் வரும்.

"நம்ம ஊர் சூட்டுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு அண்ணாச்சி" என்று எடுத்துத் தூக்கிப் போடச் சொல்வார்கள். கேட்காதீர்கள். இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது அதுதான். இன்ஜின் சூடேறாமல் ஓடினால் பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலோடு கலக்கும், தேய்மானம் கூடும். தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டிக் கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதுசு வாங்குங்கள். கொதித்துப்போன இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், பிளாக் வெடிக்கும்.

முன் சக்கரம்

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில், தொடர்ந்தால் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சான கிங்பின்னில். கிரீஸ் அடிக்கும்போதும் சக்கரம் தொங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும், அப்போதுதான் பாரம் தாங்கும் பக்கத்துக்கு கிரீஸ் போகும். பழைய கிரீஸ் வெளியே வந்து புதுசு தெரியும் வரை அடியுங்கள்.

துருவும் வெள்ளமும்

கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைப் பாருங்கள், டிக்கியில் ஸ்டெப்னி இடத்தைப் பாருங்கள், முன் கண்ணாடி ரப்பரின் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். துருவைச் சுரண்டி வெறும் தகடு தெரிந்த பிறகு ரெட் ஆக்சைடு. துருவின் மேலேயே பட்டி பூசுவது அழுகலை மூடி வைப்பதுதான். ஓட்டையானால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் கவர் படபடத்து மணலோடு பெயிண்டைத் தேய்க்கும். பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், உள்ளே வேர்க்கும். பருத்தித் துணி போர்த்தி இறுக்கிக் கட்டுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நெல்லை ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம் பகுதிகளில் எத்தனையோ வண்டிகள் முங்கின. அப்படி முங்கிய வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துபோகும். பேட்டரியைக் கழற்றி, பிளக்கை எடுத்து, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றிலும் ஆயிலை இறக்குங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் புது ஆயில் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி மறுபடி இறக்க வேண்டும். நான்கு டிரம்மையும் திறந்து காயவைத்து, வீல் பேரிங்குக்குப் புது கிரீஸ் வையுங்கள். டைனமோவையும் செல்ஃபையும் பட்டறையில் கொடுத்துக் காயவைக்கச் சொல்லுங்கள்.

ஆர்.சி.

பதினைந்து வருஷம் முடிந்த சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. ஐம்பது வயது தாண்டி, பெரிதாக மாற்றாமல் இருக்கும் வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், எண் பலகையில் 'விஏ' எழுத்து வரும். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். கல்யாணத்துக்கும் குற்றாலத்துக்கும் போக ஆசைப்படுபவர்கள் சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாமான் வாங்குவது

பாயிண்ட், பக்கெட் கிட், பேக்கிங் போன்றவை உள்ளூர் உதிரிபாகக் கடைகளில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். கிடைக்காத பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டை. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள், ஒரே பெயரில் இரண்டு மூன்று அளவு உண்டு. ரப்பர் சாமானை வளைத்துப் பாருங்கள்; பொடிப்பொடியாக விரிசல் தெரிந்தால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். புதுப் பாகம் மாட்டிய பிறகும் பழையதை உடனே எறியாதீர்கள். கிங்பின், புஷ் போன்றவை கடையில் கிடைக்காமல் போனால், லேத்காரருக்கு அளவெடுக்க அதுதான் வேண்டும்.